கட்டியை மட்டும் பார்க்காதீர்கள்: பெருங்குடல் புற்றுநோயைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருங்குடலில் கட்டி என்றதும், அது முழுக்கப் புற்றுசெல்களின் உருண்டை என்றுதான் பலரும் நினைக்கிறோம். முதல் தவறே அதுதான். ரத்தக்குழாய்கள், நார்த்திசுவை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள், நோய் எதிர்ப்புச் செல்கள், பாக்டீரியாக்கள் எல்லாமே உள்ளே குடியிருக்கின்றன. நோய் எப்படிப் போகும் என்பதில் இவற்றுக்கும் பங்குண்டு.

இதில் ஆராய்ச்சியாளர்களே தடுமாறியிருக்கிறார்கள். மோசமான கட்டிகளில் சில மரபணுக்கள் மிகையாக இயங்குவதைப் பார்த்து, புற்றுசெல்களே உருமாறிப் பரவத் தயாராகின்றன என்று எண்ணினார்கள். 2015-இல் ஓர் இத்தாலியக் குழு மனிதக் கட்டிகளை எலிகளுக்குள் வளர்த்துப் பார்த்தது. அப்படி வளர்க்கும்போது புற்றுசெல் மனிதருடையதாகவே இருக்கும். சுற்றியுள்ள திசு மட்டும் எலியுடையதாக மாறிவிடும். ஆக, எந்த மரபணுச் செய்தி யாருடையது என்று பிரித்துவிடலாம். பிரித்தால், சந்தேகப்பட்டவற்றில் பெரும்பங்கு எலியின் பக்கம்! புற்றுசெல்லின் வேலை என்று நினைத்தது, ஃபைப்ரோபிளாஸ்ட் போன்ற அக்கம்பக்கச் செல்களின் வேலை. அதே ஆண்டில் ஸ்பெயின் குழு ஒன்றும் இதே முடிவுக்கு வந்தது. இத்துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இது.

அப்படியானால் ஃபைப்ரோபிளாஸ்ட்களை ஒழித்துவிடலாமே என்று தாவுவதும் தவறு. கணையப் புற்றுநோய் வந்த எலிகளில் 2014-இல் அவற்றைக் குறைத்துப் பார்த்தபோது நோய் இன்னும் மூர்க்கமானது.

"இம்யூனிட்டியை ஏத்துங்க" என்று கஷாயம் விற்பவர்கள் சொல்லாத ஒன்று: எந்த எதிர்ப்புச் செல், எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம். கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் டி செல்கள் (புற்றுசெல்களைத் தாக்கக்கூடிய எதிர்ப்புச் செல்கள்) நெருக்கமாக இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்று பிரான்சின் ஜெரோம் காலோன் குழு 2006-இல் காட்டியது. மறுபக்கம், மேக்ரோபேஜ்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்புச் செல்களில் சில புது ரத்தக்குழாய் முளைக்க உதவி, கட்டிக்கே துணைபோகின்றன.

பாக்டீரியா விஷயத்துக்கு வருவோம். ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா இருந்த கட்டிகள், எலிகளில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் மெதுவாக வளர்ந்தன என்பது 2017 ஆய்வு. அதை நம்பி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். எலியில் நடந்ததெல்லாம் நமக்கும் நடந்துவிடாது.

இம்யூனோதெரபி, அதாவது எதிர்ப்புச் செல்களைப் புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்து, எல்லோருக்கும் கேட்கும் என்பதும் வீண் நம்பிக்கைதான். பெருங்குடல் புற்றுநோயாளிகளில் சுமார் 15 சதவீதம் பேருடைய கட்டிகளே எம்எஸ்ஐ-ஹை வகை; அதாவது, டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எம்ஆர் என்ற அமைப்பு பழுதாகி, பிழைகள் குவிந்த வகை. வேறு உறுப்புக்குப் பரவிய நிலையில் அது 5 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். டி செல்கள் நிறையப் புகுந்திருக்கும் இவ்வகையில்தான் அந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் எம்எஸ்ஐ அல்லது எம்எம்ஆர் என்ற வரி இல்லையென்றால், சிகிச்சையை முடிவு செய்யும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.