பிங், டக்டக்கோவில் விளம்பரம் கொடுப்பது எப்படி? (இறக்குமதிப் பக்கத்தில் அவசரப்படாதீர்கள்)

எக்செல்லில் சம்பளப் பட்டியல், சரக்கிருப்புப் பட்டியல் போன்ற மாதிரிகளைச் செய்து விற்கிறேன். வாங்குபவர்கள் பெரும்பாலும் அலுவலகத்தில் விண்டோஸ் கணினியின் முன் அமர்ந்திருப்பவர்கள். எட்ஜ் உலாவியை அப்படியே பயன்படுத்துபவர் தேடினால் முதலில் வருவது மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங். கூகுளில் ஒரு கிளிக்கின் விலை கையைக் கடித்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

முதலில் மைக்ரோசாஃப்ட் அட்வர்டைசிங்கில் கணக்குத் தொடங்குங்கள். பழைய காணொளிகளில் பிங் ஆட்ஸ் என்பார்கள். 2019இல் பெயர் மாறியது. டக்டக்கோ, யாஹூ ஆகிய தேடுபொறிகளுக்குத் தனிக் கணக்கைத் தேடி அலைய வேண்டாம். இந்த ஒரே கணக்கிலிருந்து அங்கும் விளம்பரம் போகும். நாணயத்தை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாற்ற முடியாது.

அடுத்து, உங்கள் தளத்தில் யூஈடி என்ற கண்காணிப்பு நிரல்துண்டைச் சேருங்கள். கூகுளுக்காகப் போட்டது இங்கே உதவாது. இது இல்லாவிட்டால், கிளிக் செய்தவர் வாங்கினாரா, வேடிக்கை பார்த்துவிட்டுப் போனாரா என்பது தெரியாது.

இனி, நான் சறுக்கிய இடம்.

கூகுள் விளம்பரங்களை அப்படியே இறக்குமதி செய்யும் வசதி இருக்கிறது. அருமையான வசதி, பத்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது. நாள் பட்ஜெட் 800 ரூபாய் என்று வந்திருந்தது. சின்ன இடத்துக்கு இவ்வளவு எதற்கு என்று 300 ஆக்கினேன். மறுநாள் பார்த்தால் 800. சேமிக்க மறந்திருப்பேன் என்று மீண்டும் மாற்றினேன். அடுத்த நாளும் 800! மூன்றாம் நாள் மாலை மாற்றிவிட்டு, பக்கத்தைப் புதுப்பித்து, 300 என்று கண்ணால் பார்த்த பிறகே எழுந்தேன். விடிந்ததும் மறுபடி 800.

குற்றவாளி நானேதான். இறக்குமதி செய்யும்போது எத்தனை முறை என்ற கேள்விக்கு, படிக்காமலே ‘தினமும்’ என்று தேர்ந்தெடுத்திருக்கிறேன். தினமும் இரவு கூகுளில் உள்ளது வந்து என் திருத்தத்தின் மேல் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே ‘ஒருமுறை’ என்பதையே தேர்ந்தெடுங்கள். தினசரி இறக்குமதி வேண்டும் என்பவர்கள், கூடுதல் அமைப்புகளில் பட்ஜெட்டுக்கும் ஏலத்தொகைக்கும் (ஒரு கிளிக்குக்கு நீங்கள் தரத் தயாராக இருக்கும் தொகை) எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே சிக்கியவர்கள் இறக்குமதிப் பட்டியலைத் திறந்து அந்த அட்டவணையை நிறுத்துங்கள்.

இறக்குமதி முடிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டு இட அமைப்பைப் பாருங்கள். உங்கள் ஊரில் இருப்பவர்களோடு, அந்த ஊரைப் பற்றித் தேடுபவர்களுக்கும் காட்டும் தேர்வு ஒன்று உண்டு. கடை வைத்திருப்பவருக்கு அது வீண்செலவு.

ஒரு வாரம் ஓடியதும், எந்தெந்தத் தளங்களில் விளம்பரம் தெரிந்தது என்ற அறிக்கையை எடுங்கள். கிளிக் குவிந்தும் விற்பனையே இல்லாத கூட்டாளித் தளங்களைத் தயங்காமல் விலக்குங்கள். இந்த அறிக்கையைப் பார்க்காதவர் இந்தப் பக்கம் வராமலிருப்பதே நல்லது என்பது என் கட்சி.

விளம்பரங்களைத் திருத்த, எடிட்டர் என்று கணினியில் நிறுவும் இலவச மென்பொருளும் இருக்கிறது. புதியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். செய்த மாற்றத்தைத் தனியாக அனுப்பும் வரை அது உங்கள் கணினியிலேயே கிடக்கும். அனுப்பியதாக நினைத்துத் தூங்கிவிடுவோம்.

(சின்னத் தேடுபொறி என்று இளக்காரம் வேண்டாம். தேடுசொல்லை ஏலம் விட்டுக் கிளிக்குக்குக் காசு வாங்கும் முறையை 1998இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது கோடூ.காம் என்ற சின்னத் தேடுபொறிதான், கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்வேர்ட்ஸ் வந்ததே 2000இல்தான்.)

பின்குறிப்பு: கிளிக் கணக்கு மைக்ரோசாஃப்ட் அட்வர்டைசிங்கில் ஒன்று, தன் தளத்தின் புள்ளிவிவரத்தில் வேறொன்று என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முகவரியின் முன்னால் மூன்று டபிள்யூ இல்லாமல் வருபவரை, அது உள்ள முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு அவர் தளத்தில் இருந்தது. திருப்பும்போது கேள்விக்குறிக்குப் பின்னால் இருந்ததெல்லாம், வந்தது எந்த விளம்பரக் கிளிக் என்று காட்டும் எம்எஸ்கிளிக்ஐடி என்ற அடையாளம் உட்பட, உதிர்ந்துவிட்டது. விளம்பரத்திலேயே முழு முகவரியைக் கொடுக்கச் சொன்னேன். இப்போது இரண்டு கணக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார்.