கூட்டாக வாழ நினைக்கிறீர்களா? முதலில் கணக்கு நோட்டை எடுங்கள்

சின்ன கம்யூன், அதாவது சொத்தையும் வருமானத்தையும் பொதுவில் வைத்துச் சேர்ந்து வாழும் குழு, முதலாளித்துவத்துக்குள் நடக்குமா என்றால், நடக்கும், ஆனால் வெளியே விற்க உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1967-ல் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் என்ற கம்யூன், கயிற்றில் தொங்கு படுக்கை பின்னி விற்றும் டோஃபு (சோயா பன்னீர்) செய்தும்தான் காலூன்றியது.

பெருங்கடன் வேண்டாம். 1980-களில் இஸ்ரேலில் கிப்புட்ஸ் எனப்படும் கூட்டுக் குடியிருப்புகள் பலவற்றை நெரித்தது கடனும் வட்டியும்தான்.

அப்புறம் வேலைக் கணக்கு, இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: பாத்திரம் கழுவுவதும் குழந்தை பார்ப்பதும் சம்பாதிக்கும் வேலைக்குச் சமமான மணி நேரமாக நோட்டில் ஏற வேண்டும், இல்லையென்றால் ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தர் மட்டும் அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்துக்கொண்டு நிற்பார், மனக்கசப்பு அங்கேதான் ஆரம்பிக்கும்.

விலகுபவருக்கு எவ்வளவு தருவது என்பதைச் சேரும் நாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.