நாளுக்கு நாள் கூட்டிக் குறைத்துச் சாப்பிடும் கிழமைக் கணக்கு

தினமும் ஒரே அளவு சாப்பிட்டு எடையைக் குறைப்பது கணக்குக்குச் சரி, வீட்டுக்குச் சரிவராது. ஞாயிறு என்றால் இறைச்சிக் கறி, ஜும்ஆ நாளில் பிரியாணி, வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு, இடையில் ஒரு கல்யாண வீடு. 1475 கலோரி என்று எழுதி வைத்தவர் அன்றைக்கு 2200 சாப்பிட்டு, 'எல்லாம் போச்சு' என்று மறுநாளே கொப்பியை மூடிவிடுவார். அதனால் நாளை விட்டுவிட்டுக் கிழமையை அலகாக எடுக்க வேண்டும். ஏழு நாளுக்கு ஒரு மொத்தம் வைத்து, அதைச் சில நாள் குறைவாகவும் சில நாள் கூடுதலாகவும் பிரிப்பதுதான் முறை.

இப்படிக் கூட்டிக் குறைத்தால் உடல் 'ஏமாந்து' கொழுப்பைக் கூடுதலாக எரிக்கும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். கிழமை மொத்தம் ஒன்றாக இருந்தால், தினமும் சமமாகக் குறைத்தாலும் மாற்றி மாற்றிக் குறைத்தாலும் எடை இறங்குவது ஏறக்குறைய ஒரே அளவுதான். நீண்ட நாள் தாக்குப் பிடிக்கலாம் என்பதே இதன் பலன்.

முதலில் உங்கள் எடை மாறாமல் இருக்க எத்தனை கலோரி வேண்டும் என்று பாருங்கள். எடையை (கிலோ) 10ஆல் பெருக்குங்கள், உயரத்தை (செ.மீ.) 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். வருவதை, உட்கார்ந்தே வேலை என்றால் 1.2ஆலும், வீட்டு வேலையும் கொஞ்ச நடையும் என்றால் 1.375ஆலும், நாள் முழுக்க உடல் அசையும் வேலை என்றால் 1.55ஆலும் பெருக்குங்கள். இந்தக் கடைசிப் பெருக்கத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். காலையில் கல்லடிப் பாலத்தில் அரை மணி நேரம் நடந்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் கதிரையில் இருப்பவருக்கு 1.55 பொருந்தாது. சந்தேகம் வந்தால் சிறிய எண்ணையே எடுங்கள்.

40 வயது, 158 செ.மீ., 70 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு 700 + 987.5 − 200 − 161 = 1326.5. அதை 1.375ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1825. நாளுக்கு 350 குறைத்தால் 1475, கிழமைக்கு 10,325. இதை ஐந்து நாள் 1325, இரண்டு நாள் 1850 என்று பிரித்தால் மொத்தம் அதேதான். கிழமைக்கு 2450 குறைகிறது. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்பதால், எடை கிழமைக்கு 300 கிராம் அளவில் இறங்கும். கிழமைக்கு இரண்டு கிலோ என்று ஆசை காட்டுபவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கூடிய நாள் இரண்டையும் சனி ஞாயிறு என்று அடுத்தடுத்து வைக்காதீர்கள். அப்படி வைத்தால் வெள்ளி இரவே தொடங்கி, திங்கள் காலை மிச்சக் கறியில்தான் முடியும். புதனும் ஞாயிறும், அல்லது திங்களும் வெள்ளியும் என்று இடைவெளி விடுங்கள். கிழமை நாளில் கந்தோர், சனிக்கிழமை வயல் என்று இருப்பவர் வரம்பு வெட்டும் நாளையே கூடிய நாளாக்கலாம். ஒரு எச்சரிக்கை: சைவ வெள்ளி தானாகவே குறைந்த நாள் ஆகிவிடாது. மீன் இல்லாத குறைக்குத் தேங்காயின் முதற்பாலில் வைத்த தலைப்பால் கறி, பொரித்த அப்பளம், வடை, பாயசம் என்று சேர்ந்து அதுவே கிழமையின் கனத்த நாளாகிவிடும்.

அடுத்தது அளவு. ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள். கண் அளவு தேங்காயிடம் தோற்கும். துருவிய தேங்காய் 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120. வேகாத அரிசி 100 கிராம் 360, வெந்த சோறு 100 கிராம் 130. இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் கணக்கு கிட்டத்தட்ட மூன்று மடங்கு பிழைக்கும். பாண் கால் இறாத்தல் 300. பால்மாவும் சீனியும் போட்ட ஒரு தேத்தண்ணி 85. நாளுக்கு நாலு குடித்தால் அதுவே 340.

புட்டு, இடியப்பம் போன்றவற்றை அவித்த பிறகு அளந்து பயனில்லை, தண்ணீர்ப் பிடிப்பு நாளுக்கு நாள் மாறும். மாவைக் குழைக்கும் முன் நிறுங்கள். அரிசிமா 400 கிராமும் தேங்காய்ப்பூ 150 கிராமும் போட்டால் மொத்தம் 1970. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 490, அதுவும் கறி சேராமல். தேங்காய்ப்பூவை 60 கிராமாக்கினால் ஆளுக்கு 80 குறையும், ருசி அவ்வளவாகக் குறையாது. பால் பிழியும்போது கொழுப்பு முழுவதும் பாலில் இறங்குவதில்லை, சக்கையில் ஒரு பங்கு தங்கிவிடும். ஆனாலும் துருவலின் கணக்கை முழுதாகவே எழுதுங்கள். பிழை வந்தாலும் உங்களுக்குச் சாதகமான பக்கம்தான் வரும்.

1325 கலோரி நாள் ஒன்று இப்படி இருக்கலாம். காலையில் 70 கிராம் மாவில் அவித்த இடியப்பம், தேங்காயின் கடைசிப் பாலில் வைத்த சொதி, அவித்த முட்டை ஒன்று: 375. பகலில் சோறு 200 கிராம், ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்த புளியாணத்தில் சூரை மீன் 150 கிராம், 15 கிராம் தேங்காய்ப்பூ போட்ட கீரைச் சுண்டல், பருப்பு ஒரு அகப்பை: 635. பின்னேரம் சீனி இல்லாத பிளேன்டீயும் சின்ன வாழைப்பழம் ஒன்றும்: 60. இரவில் 70 கிராம் கடலையை ஊறவைத்து அவித்து, வெங்காயமும் எலுமிச்சைப் புளியும் சேர்த்து: 255. புரதம் 70 கிராமைத் தொடும், அதாவது எடையில் கிலோவுக்கு ஒரு கிராம். குறைந்த நாளிலும் மீன், முட்டை, பருப்பைக் குறைக்காமல் சோற்றிலும் தேங்காயிலும் சீனியிலும் கைவைக்க வேண்டும். மீனைக் குறைத்துச் சோற்றை அப்படியே வைத்தால் தசையும் கரையும், இரவில் பசியும் எழுப்பிவிடும்.

1850 நாளுக்கு அதே சாப்பாட்டில் 525 கூட்டினால் போதும். சோறு 300 கிராம், புளியாணத்துக்குப் பதில் தலைப்பால் கறி, எருமைத் தயிர் 150 கிராமுடன் பாணி ஒரு மேசைக்கரண்டி, பால் தேத்தண்ணி ஒன்று. அவ்வளவுதான். 'கூடிய நாள்' என்பதை 'கணக்கில்லாத நாள்' என்று எடுத்துக்கொள்வதுதான் இந்த முறையைக் கெடுக்கும் முதல் காரணம். கடையில் ஒரு முழுக் கோழிக் கொத்து 1000ஐச் சுலபமாகத் தாண்டும். அதோடு சோடாவும் வட்டிலப்பமும் சேர்ந்தால் இரண்டு மூன்று குறைந்த நாளின் சேமிப்பு அந்த மேசையிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது காரணம் எதிர்ப்பக்கம்: பயத்தில் குறைந்த நாளை 900க்கு இறக்குவது. வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1200க்கும் ஆண்கள் 1500க்கும் கீழே போகக் கூடாது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற நீரிழிவுக் குளிசைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள் குறைந்த நாளில் வழமையான அளவு மருந்தோடு குறைவாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் சீனி தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி விழவும் கூடும். கிளினிக்கில் கேட்டு மருந்தளவைச் சரிசெய்த பிறகே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், சிறுநீரக நோயாளிகள், முன்பு சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி நோயில் விழுந்தவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

எடை பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. கூடிய நாளுக்கு மறுநாள் தராசு ஒரு கிலோ வரை ஏறிக் காட்டும். சோற்றுச் சத்து தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாகச் சேரும்போது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே இழுத்து வைக்கும். கருவாடும் ஊறுகாயும் சாப்பிட்டிருந்தால் உப்பு இன்னும் கொஞ்சம் பிடிக்கும். இரண்டு மூன்று நாளில் அது இறங்கிவிடும். அதனால் தினமும் காலையில் மலசலம் கழித்து, எதுவும் குடிக்கும் முன் நிறுத்து எழுதுங்கள். ஏழு நாளின் சராசரியை முந்திய ஏழு நாளின் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிடாய் வரும் பெண்கள் நாலு கிழமைக்கு முந்திய சராசரியோடு ஒப்பிடுவது நல்லது.

மூன்று கிழமை போயும் சராசரி அசையவில்லையென்றால், முதலில் எண்ணெயையும் கறி ருசி பார்த்த கரண்டிகளையும் பிள்ளைகள் மிச்சம் வைத்த சோற்றையும் எழுதினீர்களா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் கிழமை மொத்தத்தில் 500 கழியுங்கள். அதைக் கூடிய நாள்களிலிருந்து எடுப்பது நல்லது, குறைந்த நாளில் 1200க்குக் கீழே இறங்க இடமில்லை. மாறாக, கிழமைக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இறங்கினால் கூட்டுங்கள். ஐந்து கிலோ குறைந்ததும் சூத்திரத்தைப் புதிதாகப் போடுங்கள். மேலே சொன்ன பெண்ணுக்கு அப்போது தேவை நாளுக்கு 70 அளவில் குறைந்திருக்கும்.

சடங்குக் கிழமையிலும் பெருநாள் கிழமையிலும் குறைக்கப் பார்க்க வேண்டாம். அந்த ஏழு நாளுக்கும் எடை மாறாத அளவை, அதாவது 1825 × 7 = 12,775ஐ மொத்தமாக வையுங்கள். விருந்துக்கு 2600 என்றால் மிச்சம் ஆறு நாளுக்கும் 1700 வரும், பட்டினி இல்லை.

நினைத்த எடை வந்ததும் ஒரே நாளில் பழையபடி திரும்பாமல், குறைந்த நாள்களில் மட்டும் ஒவ்வொரு கிழமையும் 100 கலோரி கூட்டிக்கொண்டு போங்கள். சராசரி இரண்டு கிழமை தொடர்ந்து ஏறினால் கடைசியாகக் கூட்டிய 100ஐ எடுத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள்.