கடையில் ஒரு வார்த்தை விழுந்தால்

பாளையங்கோட்டையில் 18 வருஷமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். கடை என்றால் நாலு பேர் நிற்பார்கள், நாலு வார்த்தை பேசுவார்கள். அதில் ஏதாவது ஒன்று பக்கத்தில் நிற்கிறவர் மேல் கல்லாக விழும். அப்படி விழும்போது என்ன செய்யலாம் என்பதை எழுதுகிறேன். என் தப்பிலிருந்து கற்றுக்கொண்டதுதான் இதில் பாதி.

போன சித்திரையில் ஒரு மத்தியானம். ஒரிசாப் பக்கத்துப் பையன் ஒருத்தர் வந்தார். கையெல்லாம் சிமெண்ட் காய்ந்து வெளுத்திருந்தது. வயிற்றைத் தொட்டுக் காட்டி ஐந்து விரலை விரித்தார். காலையிலிருந்து ஐந்து தடவை போயிருக்கிறது என்று புரிந்தது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, அதாவது வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடியை, கையில் எடுத்தேன். அவருக்குப் பின்னால் எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர். "எம்மா, அந்த வடக்கனைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லு. எனக்கு பிரஷர் மாத்திரை ஒரு அட்டைதான், வாங்கிட்டுப் போயிருதேன்" என்றார். நான் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுப் பிரஷர் மாத்திரையை எடுத்தேன்.

அந்தப் பையனிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தமிழும் தெரியாது. ஆனாலும் தானாகவே ரெண்டு எட்டு நகர்ந்து, ஐஸ்கிரீம் பெட்டி ஓரமாகப் போய் நின்றுகொண்டார். எந்த நேரத்தில் நகர வேண்டும் என்பது அவர் உடம்புக்குப் பழகியிருந்தது. ராத்திரி கடை சாத்தும்போது எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. மறுநாள் கேட்டதற்கு, "நான் என்ன திட்டவா செஞ்சேன்? வடக்க இருந்து வந்தவனை வடக்கன்னுதான சொன்னேன்" என்றார். அவர் காதில் அது வெறும் அடையாளம். சொன்னவர் காதும் கேட்டவர் காதும் ஒன்றில்லை, முதலில் பிடிபட வேண்டியது அதுதான். அதைப் பழக எனக்கு உதவிய வழி ஒன்று உண்டு: நம் ஆட்களுக்கு வெளியூரில் விழுந்த பெயரை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். மும்பை தாராவியில் சொந்தக்காரர் இல்லாத ஊர் நம் பக்கத்தில் குறைவு. என் அப்பா 1960களின் கடைசியில் அங்கே இருந்தார். சிவசேனா 1966இல் தொடங்கிய புதிது. 'லுங்கி ஹடாவ், புங்கி பஜாவ்' (லுங்கியை விரட்டு, ஊதலை ஊது) என்று தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கோஷம் போட்ட காலம். வேட்டி, சாரம் எல்லாம் அறைக்குள் மட்டும்தான், தெருவில் இறங்கினால் பேண்ட் என்று அப்பா சொல்லுவார். ஊருக்குத் திரும்பி முப்பது வருஷம் ஆன பிறகும் 'மதராஸி' என்ற சொல்லைக் கேட்டால் அவர் முகம் மாறும். என் தம்பி ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவன். அங்கே அவனுக்குப் பெயர் 'பாண்டி'. பாண்டியர் ஆண்ட மண்ணில் பிறந்தவனுக்கு அந்தப் பெயரே வசவாகிவிட்டது. "பாண்டிய கொஞ்சம் ஒதுங்கச் சொல்லு" என்று ஒரு சேட்டன் சொல்லியிருந்தால் எப்படி இருக்கும் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சரி, இனி அன்றாடம் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன்.

வரிசை முதலில். வந்தவர் யாரானாலும் முதலில் வந்தவருக்கு முதலில். இதை வாயால் அறிவிக்க வேண்டாம், கையால் செய்தால் போதும். யாராவது அவசரப்படுத்தினால் நான் இப்போது சொல்வது இவ்வளவுதான்: "அவர் முன்னால வந்துட்டார் அண்ணாச்சி, இந்தா ஒரே நிமிஷம்." பெரியவர்களை நாலு பேர் முன்னால் 'நீங்க பாகுபாடு பாக்கீங்க' என்று சொல்லித் திருத்திவிட முடியாது. அவர்கள் கோபித்துக்கொண்டு போவார்கள், அடுத்த கடையில் அதே வார்த்தையைச் சொல்வார்கள். 'அவர்' என்ற சொல்லை மட்டும் அழுத்திச் சொல்லிப் பாருங்கள். 'அவன்' என்று ஆரம்பித்தவர்கூட அடுத்த வாக்கியத்தில் குரலைக் கொஞ்சம் இறக்குவார்.

மரியாதையில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். இருபது வயசு உள்ளூர்ப் பையனை "வாங்க தம்பி" என்கிறோம். தலை நரைத்த பீகார்க்காரரை "ஏய், என்ன வேணும்" என்கிறோம். அவருக்கு எப்படியும் தமிழ் தெரியாதே என்று ஒரு நினைப்பு. ஆறு மாதம் இங்கே இருந்தவருக்கு 'வா'வும் 'வாங்க'வும் நன்றாகவே பிரியும். எங்கள் கடைக்கு வருகிற ஒருவர், தன் மேஸ்திரி எப்போது 'நீ' என்றும் எப்போது 'நீங்க' என்றும் பேசுவார் என்று எனக்கு நடித்தே காட்டினார். சம்பள நாளில் ஒன்று, மற்ற நாளில் ஒன்று.

அப்புறம் பெயரையும் ஊரையும் கேளுங்கள். எல்லாரையும் 'இந்திக்காரன்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். என் கடைக்கு வருகிறவர்களில் ஒடியா பேசுகிறவர் உண்டு, வங்காளி உண்டு, போஜ்புரி உண்டு, ஜார்க்கண்டிலிருந்து வந்த சந்தாலி உண்டு. நம்மை எல்லாம் மதராஸி என்றபோது நமக்கு எரிந்த எரிச்சல் நினைவிருக்கட்டும். பில்லில் பெயரைக் கேட்டு எழுத ஆரம்பித்த பிறகு அவர்கள் நிற்கிற விதமே மாறியிருக்கிறது. மாத்திரை அட்டையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கிறேன். காலை, ராத்திரி என்று எந்த மொழிக்காரருக்கும் புரியும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். கொடுக்கும்போது ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக் காட்டி, முழு பாக்கெட்டும் இந்த அளவு தண்ணீருக்கு என்று சொல்ல வேண்டும். அவசரமாக விரட்டிவிட்டால் அதை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்துவிடுவார்கள், உப்பு கூடிப்போகும். மரியாதைக் குறைவு உடம்பையும் தொடும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முகத்தை வைத்து ஆளைத் தள்ளுவதும் உண்டு. பியூட்டி பார்லரில் வேலை பார்க்கும் மணிப்பூர்ப் பெண்ணைப் பார்த்து "சைனாக்காரி" என்று சின்னப் பிள்ளைகள் சிரிக்கும், பெரியவர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். 2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில், அருணாச்சலப் பிரதேசத்து மாணவர் நீடோ தானியாவின் முடியைக் கேலி செய்யப்போய்த்தான் தகராறு தொடங்கியது. அடிபட்ட அந்தப் பையன் இறந்துபோனார். வடகிழக்கு மக்கள் படும் பாட்டை ஆராய மத்திய அரசு பெஸ்பருவா குழுவை அமைத்தது அதற்குப் பிறகுதான். பிள்ளைகள் சிரித்தால் அங்கேயே, அப்போதே சொல்லிவிடுங்கள்: "அந்த அக்கா மணிப்பூர், அது நம்ம நாடுதான். வணக்கம் சொல்லு." வீட்டுக்குப் போய்ச் சொன்னால் எதற்குச் சொன்னோம் என்றே பிள்ளைக்கு மறந்திருக்கும்.

போனில் வருவதைப் பற்றியும் கொஞ்சம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றின. ஒரு தொழிலாளி போனை நீட்டி, "தீதி, யே சச் ஹை?" (அக்கா, இது நிஜமா?) என்று கேட்டார். வீட்டில் அம்மா அழுகிறார்களாம், உடனே திரும்பி வரச் சொல்கிறார்களாம். இதே மாதிரி நம் பக்கமும் 'வடக்கன் பிள்ளை பிடிக்கிறான்' என்று வருகிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லி அடித்துக் கொன்றது யாரை? குலதெய்வம் கோயிலுக்குப் போன சென்னைப் பாட்டி ஒருத்தரை. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்த தப்பு. அப்படி ஒரு செய்தி வந்தால் எந்த ஊர், எந்த நாள், யார் பார்த்தது என்று அனுப்பினவரிடமே கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதை உங்கள் போனோடு நிறுத்திவிடுங்கள்.

நிறத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு மனசு அதிகம் நோகும்.

"கருப்பா இருந்தாலும் களையா இருக்கா." பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டில் இதைப் பாராட்டாகத்தான் சொல்வார்கள். அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். படிச்சவளா இருந்தாலும், நல்லவளா இருந்தாலும் என்று யாரும் தொடங்குவதில்லை. குறை என்று நினைப்பதற்குத்தான் 'இருந்தாலும்' போடுகிறோம். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் பேசிப் பழகுங்கள். "கருப்பா, களையா இருக்கா." வாய்க்கு முதலில் வராது. பத்து நாள் பழகினால் வரும்.

ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. "மதினி, பக்கத்து வீட்டுப் பிள்ளை போடுற அந்த டியூப் குடுங்க, ஒரே மாசத்துல முகம் வெளுத்துருச்சு" என்றார்கள். அந்த டியூப் எனக்குத் தெரியும். ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாய்ன் மூன்றும் கலந்த களிம்பு. மங்குக்கு டாக்டர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுப்பது. அதை முகப்பூச்சு மாதிரி மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், பருக் கிளம்பும், வெயில் பட்டாலே முகம் சிவந்து எரியும். நிறுத்தினால் எரிச்சல் கூடும், அதனால் நிறுத்தவும் பயப்படுவார்கள். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு பட்டியலில் சேர்த்ததற்கு இப்படி வாங்கிப் பூசுவதும் ஒரு காரணம். 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. என் கல்லாவுக்கு முன்னால் கேட்பவர்கள் இன்னமும் பழைய பெயரையே சொல்லிக் கேட்கிறார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் அம்மாவோடு வாதாடாதீர்கள். முதலில் பிள்ளையிடம் பேசுங்கள். "உனக்கு முகத்துல என்ன பண்ணுது?" என்று கேட்டேன். அது குனிந்துகொண்டே, "ஒண்ணும் பண்ணல, ஆன்ட்டி" என்றது. "ஒண்ணும் பண்ணலைன்னா மருந்து எதுக்கு?" என்றேன். அதற்கு அப்புறம் அம்மாவிடம் டியூப்பின் சங்கதியை விளக்கினேன். பள்ளிக்கூடத்தில் 'கரிச்சட்டி' என்று கூப்பிடுகிறார்களாம், அதனால்தான் வந்தார்களாம். அப்படியென்றால் போக வேண்டியது கிளாஸ் டீச்சரிடம் என்று சொன்னேன். போனார்களா என்று தெரியாது. டியூப்பை நான் கொடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று, எல்லாவற்றிலும் கஷ்டமானது. "ஊர்ல எந்தத் தெரு?" நெல்லைச் சீமையில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்: என்ன சாதி என்பதுதான். அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று ஒரே வரியில் வைத்துத்தான் பாகுபாடு கூடாது என்கிறது. வடக்கனும் தெருவும் அந்த ஒரே வரிக்குள் வருகிறவைதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து சாதி வெறியில் வெட்டியது கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லியிருக்கிறது. கயிறு வாங்கித் தருவது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள்தான், ஆகவே பேச்சும் வீட்டில்தான் தொடங்க வேண்டும்.

தெருவைக் கேட்டால் என்ன சொல்வது? நான் "எதுக்குக் கேக்கீய?" என்று சிரித்த முகத்தோடு கேட்டுவிடுவேன். முக்கால்வாசிப் பேர் "சும்மாதான்" என்று பேச்சை மாற்றுவார்கள். கேள்வி வேறொருத்தரை நோக்கிப் போனால் நானே குறுக்கிட்டு, "எந்தத் தெருவா இருந்தா என்ன, மாத்திரை எத்தனை அட்டை போட?" என்பேன். எனக்கு அந்தக் கேள்வி வலிக்காது, வலிக்கிறவர் பதில் சொல்ல முடியாமல் நிற்பார். வலிக்காதவர்தான் வாயைத் திறக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தொழிலாளியின் மேஸ்திரியோ முதலாளியோ கூட நின்றால் உடனே பாயாதீர்கள். நீங்கள் பேசிவிட்டுப் போய்விடுவீர்கள், அதற்கான விலையை அவர் கூலியில் பிடிப்பார்கள். தனியாக வரும்போது, "நான் பேசட்டுமா, வேண்டாமா?" என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

நீங்களே தப்பாகச் சொல்லிவிட்டால் மன்னிப்பைச் சுருக்கமாகக் கேளுங்கள். "அப்படி நினைச்சுச் சொல்லலை" என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால், அவர்தான் நம்மைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும். சிமெண்ட் கையோடு வந்த பையன் நாலு நாள் கழித்துத் திரும்ப வந்தார். "அன்னைக்கு உங்களை நிக்க வச்சுட்டேன், தப்பு" என்று தமிழிலும் கொஞ்சம் உடைந்த இந்தியிலும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, தலைவலி மாத்திரை ரெண்டு கேட்டார். அண்ணாச்சி இப்போது அவரை "அந்த ஒரிசாப் பய" என்கிறார். வடக்கன் போய்விட்டது, 'பய' இன்னும் இருக்கிறது. அடுத்த தடவை பிரஷர் மாத்திரைக்கு வரும்போது அதையும் பேச வேண்டும்.