மேனேஜர் ரூமில் டீ கொடுத்தால்: சங்கம் வைக்கப் போகிறவர்களுக்கு

மதுரைக்கு வெளியே ஒரு நூற்பாலையில் 31 வருஷம் ரிங் பிரேமில், நூல் நூற்கிற மிஷினில், நின்றவன் நான். அந்த 31 வருஷத்தில் மேனேஜர் ரூமில் எனக்கு நாற்காலி கிடைத்தது ஒரே ஒரு நாள். தொழிற்சங்கப் பதிவுக்கு மனு கொடுத்த மறுநாள்.

"உக்காருங்கண்ணே" என்றார். அண்ணே! அதற்கு முந்தின வாரம் வரைக்கும் டோக்கன் நம்பர்தான் என் பேர். பூப்போட்ட பீங்கான் கப்பில் டீ வந்தது. மகன் என்ன படிக்கிறான் என்று விசாரித்தார். மேஸ்திரி வேலை ஒன்று காலியாகப் போகிறது என்றார். எதற்கும் பிடி கொடுக்காமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டதாக நினைப்பு. அந்த ரூமுக்குக் கண்ணாடிச் சன்னல். ஷிப்ட் மாறுகிற நேரம் வேறு. அத்தனை பேரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் போய் நான் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிட்டது. நான் மேஸ்திரி ஆக வேண்டும் என்று அவருக்கு ஒரு அவசியமும் இல்லை. கப்பும் கையுமாக நான் உட்கார்ந்திருப்பதை நாலு பேர் பார்த்தால் போதும், அவர் வேலை முடிந்தது. நான் பழையபடி ஆவதற்கு ஒரு மாசம் பிடித்தது.

ஆகவே தனியாகக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். "கமிட்டியில இன்னொருத்தரக் கூட்டிட்டு வர்றேன் சார்" என்று சொல்லுங்கள். கூடாது என்றால் நின்றபடியே பேசுங்கள், டீ வேண்டாம். வெளியே வந்த பத்தாவது நிமிஷம், அவர் கேட்டதையும் நீங்கள் சொன்னதையும் டிபார்ட்மெண்டில் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

கப்பலூர் பக்கம் வேலை பார்க்கிற பிள்ளைகள் இப்போது என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். தங்கள் எச்.ஆர். புதுசாக என்னவோ கண்டுபிடித்துவிட்டது போலப் பேசுகிறார்கள். புதுசு ஒன்றும் இல்லை. எங்கள் தாத்தா காலத்துச் சரக்குதான்.

பதிவில் இருந்து ஆரம்பிப்போம். மனுவில் ஏழு பேர் கையெழுத்து போதும் என்கிறது சட்டம். மில் தொழிலாளர்களில் பத்து சதவீதமோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். ஏழோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மனு போன மறுநாளே அந்த ஏழு பேர் வீட்டுக்கும் யாராவது போவார்கள், "நான் கையெழுத்தே போடலை" என்று எழுதி வாங்குவதற்கு. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிக்கு மேல் விலகினால்தான் மனுவுக்கு ஆபத்து. இருபது பேர் போட்டிருந்தால் பதினோரு பேரைக் கலைக்க வேண்டும், அது லேசில்லை. பேர் லிஸ்ட் ஒரே ஆளிடம் இருக்கட்டும். நாங்கள் சந்தா ரசீதை டிபன் கேரியரின் அடித் தட்டில் வைத்து உள்ளே கொண்டு போனோம். இப்போது வாட்ஸ்ஆப் குரூப் ஆரம்பித்துவிட்டுத்தான் மறுவேலை. அந்தக் குரூப்பில் ஒருத்தன் எடுக்கிற ஸ்கிரீன்ஷாட் சாயங்காலத்துக்குள் சூப்பர்வைசர் போனில் இருக்கும். குரூப் வேண்டாம் என்று சொல்லவில்லை, லிஸ்டை அதில் போடாதீர்கள் என்கிறேன்.

பதிவையே மறிப்பதும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வெளியே நின்றார்கள். சங்கத்தின் பேரில் 'சாம்சங்' என்ற சொல் வரக் கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. பேர் விஷயத்தில் இத்தனை மாசம் இழுக்க முடியும் என்பதை மனசில் வைத்து, அதுவரைக்கும் தாங்குகிற அளவுக்குச் சந்தா சேர்த்து வையுங்கள்.

அடுத்தது பிரிக்கிற வேலை. இதில் நம் பக்கத்துத் தப்பும் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னை பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கண்டார்கள். வேலையை விட்டுப் போகத் தொழிலாளரைத் தூண்டினார் என்று சங்கத் தலைவர் பி.பி.வாடியா மேல் கம்பெனி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தடையுத்தரவும் வாங்கியது. அப்படிச் சங்கத்து ஆட்கள் மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்புக் கொடுத்தது பின்னால் வந்த 1926 தொழிற்சங்கச் சட்டம். ஆனால் வழக்கைவிடப் பெரிய அடி 1921 வேலைநிறுத்தத்தில் விழுந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் ஆயிற்று. கம்பெனி அதைப் பயன்படுத்திக்கொண்டது வாஸ்தவம். அவர்களைக் 'கருங்காலி' என்று ஏசிய எத்தனை பேர், அதற்கு முன்னால் ஒரு நாளாவது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு. கோடு நாம் போட்டது. மேனேஜர் அதன் மேல் சுவர் எழுப்புகிறார், அவ்வளவுதான்.

கமிட்டி போடும்போது பேப்பரை எடுத்து, எந்த டிபார்ட்மெண்ட், எந்த ஊர், எந்தத் தெரு என்று எழுதிப் பாருங்கள். ஒரே தெருவில் இருந்து நாலு பேர் இருந்தால் கலைத்துப் போடுங்கள். கோன் வைண்டிங்கில், நூலைக் கோனில் சுற்றுகிற பிரிவில், பெண்கள் இருந்தால் கமிட்டியில் பெண் இருக்க வேண்டும், பொருளாளராகவே போடுங்கள். எங்கள் சங்கத்தில் சந்தாக் கணக்கு ஒரு பைசா குறையாமல் நின்றது ஒரு அக்கா கையில் இருந்த ஆறு வருஷம்தான்.

இப்போதைய மில்களில் சங்கத்தில் சேரவே முடியாத ஆட்களாகப் பார்த்து எடுக்கிறார்கள். அப்ரண்டிஸ் என்று எழுதிவிட்டால் 1961 சட்டப்படி அவர் தொழிலாளியே இல்லை. சுமங்கலித் திட்டம் என்று மூன்று வருஷ முடிவில் மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி, பெண்பிள்ளைகளை ஹாஸ்டலில் வைத்தார்கள். வாயைத் திறந்தால் அந்தப் பணம் போகும், வீட்டுக்கும் போன் போகும். 24 மாசத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்பது 1981 தமிழ்நாட்டுச் சட்டம். அந்த 480 வராமல் பார்த்துக்கொள்வதற்கென்றே நாளை எண்ணிக்கொண்டு ஒரு கிளார்க் இருப்பார். நீங்களும் எண்ணுங்கள். காலண்டரில் வேலை பார்த்த நாளைச் சுழித்து, பே சிலிப்பைச் சேர்த்து வையுங்கள்.

இனி மெமோ. சார்ஜ் மெமோ, அதாவது உங்கள் மேல் குற்றம் சாட்டுகிற கடிதம், இங்கிலீஷில் வரும். வாங்க மாட்டேன் என்று வீராப்புக் காட்டாதீர்கள். பதிவுத் தபாலில் வீட்டுக்கு வரும், அதையும் திருப்பி அனுப்பினால் வாங்கியதாகவே கணக்கு. வாங்குங்கள். ஆனால் கையெழுத்துக்கு மேலே, "பெற்றுக்கொண்டேன், குற்றச்சாட்டை ஏற்கவில்லை" என்று தமிழில் எழுதி, தேதியும் நேரமும் போடுங்கள். நான் முதல் மெமோவில் வெறும் கையெழுத்துப் போட்டேன், நகலும் வைத்துக்கொள்ளவில்லை. மெமோவில் பாபின் (நூல் சுற்றுகிற உருளை) எண்ணிக்கை குறைந்ததாக இருந்த இடத்தில், விசாரணை நாளில் பாபினைத் திருடியதாக இருந்தது. எது முதலில் இருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை. விசாரணையைத் தமிழில்தான் நடத்த வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். உதவிக்கு ஒரு சக தொழிலாளியைக் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கிடையாது. சஸ்பென்ஷனில் இருந்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அதற்கு மேல் முக்கால்வாசியாவது பிழைப்பூதியமாக வர வேண்டும்.

கோரிக்கை மனுவை முன்கூட்டியே கொடுத்து, லேபர் ஆபீசில் பேச்சுவார்த்தை நிலுவையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அது நடக்கிற காலத்தில் அந்தத் தாவா சம்பந்தமாக யாரையும் நினைத்தபடி டிஸ்மிஸ் பண்ண முடியாது. இது தெரியாமல் மனுவைப் பையில் வைத்துக்கொண்டு மெமோ வாங்கிய செயலாளர்கள் எத்தனையோ பேர்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுச் சட்டம் வந்துவிட்டது. எந்தத் தொழிற்சாலையிலும் 14 நாள் நோட்டீஸ் இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது. பாதிப் பேர் பேசிவைத்து ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டாலும் வேலைநிறுத்தம்தான். (அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் எங்கள் மில்லில் பாதிப் பேர் வர மாட்டார்கள். அதைப் பேசிவைத்தது அழகர்தான்.) பல சங்கங்கள் இருந்தால் 51 சதவீதம் காட்டும் சங்கத்துக்கே தனியாகப் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமை என்பதால், நிர்வாகமே ஒரு சங்கத்தைத் தூக்கி நிறுத்தும். சந்தா கேட்காத சங்கம் என்று ஒன்று வந்தால் உஷாராகிவிடுங்கள்.

தலைவருக்கு அடுத்து ரெண்டு பேரைத் தயார் செய்யுங்கள். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மதுரை ஸ்டேஷன் பக்கத்தில் மில் கட்டிய அதே ஹார்வி கம்பெனிதான் அங்கேயும். நிர்வாகம் சில நாளில் இறங்கி வந்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது. நம் ஊரிலேயே கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி உள்ளிட்டவர்கள் மேல் மதுரைச் சதி வழக்குப் போட்டு, 1947 ஆகஸ்ட் 14 அன்றுதான் வெளியே விட்டார்கள். தலைவர் உள்ளே இருக்கிற மாசங்களில் கேட் மீட்டிங்கில் யார் பேசுவது என்பதை அவர் வெளியே இருக்கும்போதே முடிவு பண்ண வேண்டும்.

கடைசியாக ஒரு மேசை வரும். வேலைநிறுத்தம் முடிந்து நீங்கள் திரும்பும்போது கேட்டுக்கு முன்னால் போட்டிருப்பார்கள். மேலே டைப் அடித்த தாள், கைநாட்டுக்கு மசி. இனி ஒழுங்காக நடப்பேன், சங்க வேலை பார்க்க மாட்டேன் என்று இருக்கும். அமெரிக்காவில் இந்த மாதிரி எழுதி வாங்குவதற்கு 'மஞ்சள் நாய் ஒப்பந்தம்' என்று பேர். 1932-ல் அங்கே அதைச் செல்லாததாக்கினார்கள். சட்டப்படி நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நன்னடத்தைப் பத்திரம் கேட்பது நம் சட்டத்திலும் முறையற்ற செயல்தான். போடாதீர்கள். ஆனால் வீட்டுக்கும் போய்விடாதீர்கள், வேலையைக் கைவிட்டதாக எழுதிவிடுவார்கள். ஷிப்ட் நேரத்துக்கு டிபன் கேரியரோடு கேட்டில் நில்லுங்கள். "வேலைக்கு வந்தோம், உள்ளே விடவில்லை" என்று எல்லோரும் கையெழுத்திட்ட கடிதத்தை அன்றன்றைக்குப் பதிவுத் தபாலில் கம்பெனிக்கும், நகலை லேபர் ஆபீசுக்கும் அனுப்புங்கள். நாங்கள் ஒன்பது நாள் அனுப்பினோம். பத்தாம் நாள் காலையில் வாட்ச்மேன் வந்து மேசையை உள்ளே தூக்கிப்போட்டுவிட்டு, மசி ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டைத் திறந்தார்.