பேசும் புத்தகம் வாங்கும் முன்
கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் சிறு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அழுத்தினால் எழுத்தைச் சொல்லும் பொம்மைப் புத்தகம் வாங்கலாமா என்று தாய்மார்கள் கேட்பார்கள். கடையிலேயே ல, ள, ழ மூன்றையும் அழுத்திக் கேளுங்கள். ஒன்றுபோல் ஒலித்தால் வேண்டவே வேண்டாம். வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் கேட்டு வளரும் நம் பிள்ளைக்கு இரண்டிலும் ழகரம் தேவை. பிசகிய ஒலி காதில் பதியக் கூடாது.

பேட்டரி மூடியில் திருகாணி இருக்கட்டும். பொத்தான் போன்ற சின்ன வட்ட பேட்டரியைப் பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திலேயே அந்த இடம் வெந்துவிடலாம்.

ஒரு வயதையொட்டிய குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், மின்னணு பொம்மை பேசும்போது பெற்றோரின் பேச்சு குறைந்தது, படப்புத்தகம் பார்க்கும்போது அதிகமாக இருந்தது. அந்த வயதுக்குப் படப்புத்தகமே போதும் என்பேன். பெரிய பிள்ளைக்கு வாங்கினால், முதலில் ஒலியை அணைத்து, மடியில் வைத்து நீங்களே படித்துக் காட்டுங்கள். பிறகு அழுத்தட்டும்.