ஜப்பானில் தனியாக இருக்கப் போகிறீர்களா? பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானுக்கு வேலைக்கோ படிப்புக்கோ கிளம்புகிற பெண்ணிடம் எல்லோரும் சொல்வது, "அங்க ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூட தனியா நடக்கலாம்" என்பதுதான். பொய் இல்லை. ஆறு வயதுக் குழந்தைகள் தாங்களே ரயில் ஏறிப் பள்ளிக்குப் போகிறார்கள், தொலைத்த பர்ஸ் பெரும்பாலும் பணத்தோடு திரும்பக் கிடைக்கிறது. ஆனால் இதெல்லாம் திருட்டு, வழிப்பறி சம்பந்தப்பட்ட பாதுகாப்பு. ஒரு பெண்ணின் உடம்பு சம்பந்தப்பட்ட பாதுகாப்பு அங்கே வேறு கணக்கு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு.

நம் டவுன் பஸ்ஸில் உரசுகிறவனை முழங்கையால் சமாளிக்கத் தெரிந்த பெண்கள்கூட டோக்கியோவின் காலை ரயிலில் அந்த எச்சரிக்கையைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள், எல்லோரும் டை கட்டிக்கொண்டு அமைதியாக நிற்கிறார்களே என்று. கூட்டத்தைச் சாக்காக வைத்துத் தொடுகிறவனை அங்கே 'சிகான்' என்பார்கள். டோக்கியோவின் சைக்யோ ரயில் தடம் இதற்குப் பேர்போனது, 2009 டிசம்பரில் அந்த ரயில்களில் கேமரா வைக்க ஆரம்பித்ததே இதனால்தான். தொட்டுவிட்டு இறங்கி ஓட வசதி என்பதால் கதவோரம்தான் அதிகம் நடக்கும், முடிந்தவரை உள்ளே தள்ளி நில்லுங்கள்.

பெண்கள் பெட்டி இருக்கிறதே என்றால், இருக்கிறது, ஆனால் பல தடங்களில் வார நாட்களின் காலை நெரிசல் நேரத்துக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு அதே பெட்டி எல்லோருக்கும் பொது. ஒசாகாவின் மிடோசுஜி தடத்தில் வார நாட்களில் நாள் முழுக்க உண்டு. பிளாட்பாரத்தில் இளஞ்சிவப்பு அடையாளத்தோடு நேரமும் எழுதியிருக்கும், படித்துவிட்டு ஏறுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு வாயை மூடிக்கொண்டு நிற்பது. ரயிலே அவ்வளவு நிசப்தமாக இருக்கும்போது நாம் மட்டும் கத்துவதா என்று தோன்றும், அந்தக் கூச்சத்தை நம்பித்தான் அவன் கை வைக்கிறான். "யாமெதே குடசாய்" (நிறுத்துங்கள்) என்று உரக்கச் சொன்னால் போதும். குரல் வராமல் தொண்டை அடைத்துப்போகும் என்று பயப்படுகிறவர்கள் டோக்கியோ காவல் துறையின் டிஜி போலீஸ் செயலியை முதல் நாளே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், 'சிகான், உதவுங்கள்' என்ற எழுத்தைத் திரையில் காட்டும், உங்களுக்குப் பதிலாகக் குரலும் கொடுக்கும். அடுத்த நிலையத்தில் இறங்கி, அவன் தப்பியிருந்தாலும் சரி, எந்தப் பெட்டி, எந்தக் கதவு, எத்தனை மணி என்று ஊழியரிடம் சொல்லுங்கள். போலீஸுக்கு 110.

எஸ்கலேட்டரில் பின்னால் நின்று பாவாடைக்குக் கீழே போனில் படம் எடுப்பவர்கள் உண்டு, அதனால் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். ஜப்பானில் விற்கும் போன்களில் கேமரா சத்தத்தை நிறுத்த முடியாமல் செய்திருப்பது இப்படித் திருட்டுத்தனமாகப் படம் எடுப்பவர்களைத் தடுக்கத்தான். 2023 ஜூலையிலிருந்து இப்படிப் படம் எடுப்பதைத் தண்டிக்கவென்றே தனிச் சட்டம் இருக்கிறது, 3 ஆண்டு வரை சிறை அல்லது 30 லட்சம் யென் வரை அபராதம்.

அப்புறம் வீடு. வாடகை குறைவு என்று முதல் தளத்தை எடுத்துவிடாதீர்கள், ஜப்பானில் முதல் தளம் என்றால் நம் தரைத்தளம். தனியாக வாழும் ஜப்பானியப் பெண்கள் பலர் அதைத் தவிர்த்து, மாடியில், வாசலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவும் கேமரா வைத்த இன்டர்காமும் உள்ள கட்டடமாகத்தான் தேடுகிறார்கள். அந்தக் கதவையும் முழுக்க நம்ப வேண்டாம், நீங்கள் திறந்ததும் பின்னாலேயே ஒருவர் நுழைந்துவிடலாம், மரியாதைக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். குடிபோகும்போது பூட்டு மாற்றும் செலவு என்று ஒரு தொகை கேட்பார்கள், அதை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், பழைய குடித்தனக்காரரிடம் இன்னொரு சாவி இருக்கலாம். உள்ளாடைகளை பால்கனியில் காயப்போடாமல் இருப்பதும் தபால் பெட்டியில் பெயர் எழுதாமல் விடுவதும் அங்கே பெண்களின் சாதாரணப் பழக்கம்.

எனக்கு அதிகம் கவலை தருவது அலுவலகக் குடி விருந்துகள். குடிக்காதவர்கள் ஊலாங் தேநீர் கேட்டு வாங்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், அடுத்தது காலை ஐந்து மணிவாக்கில்தான். "ரயில் போச்சே, என் வீடு பக்கத்துலதான்" என்று தெரிந்தவர் சொல்லும் இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டாக்ஸிக்கான பணத்தைத் தனியாக வைத்திருங்கள், இல்லையென்றால் பெண்களுக்குத் தனித் தளம் உள்ள கேப்சூல் ஹோட்டலில் (ஒருவர் படுக்கும் அளவுக்கே இடம் தரும் மலிவு விடுதி) தங்குங்கள். ஏதாவது நடந்துவிட்டால் 'நான் எதிர்த்துப் போராடவில்லையே' என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். 2023-இல் திருத்திய குற்றவியல் சட்டம் சம்மதமில்லாத உறவையே குற்றம் என்கிறது, போதையில் இருந்தது, பயத்தில் உறைந்துபோனது, மேலதிகாரியின் அதிகாரத்துக்குப் பயந்தது எல்லாம் அதில் அடங்கும். #8891-ஐ அழைத்தால் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவி மையம் கிடைக்கும்.

பின்தொடர்கிறவனைத் தானாக ஓய்ந்துவிடுவான் என்று விட்டுவைப்பதும் ஆபத்து. 1999-இல் ஒகேகாவாவில் ஒரு மாணவி பலமுறை புகார் சொல்லியும் போலீஸ் அலட்சியம் காட்ட, அவர் கொல்லப்பட்டார். அந்தக் கொந்தளிப்பில்தான் 2000-இல் பின்தொடர்தல் தடுப்புச் சட்டம் வந்தது, அதன்படி போலீஸ் அவனுக்கு எச்சரிக்கை கொடுக்க முடியும். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், தேதி போட்டு எழுதி வையுங்கள். தெருமுனைக் காவல் சாவடியில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அதோடு விடாமல் #9110 ஆலோசனை எண்ணை அழையுங்கள், அல்லது ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்கே போங்கள்.